பரங்கிப்பேட்டையிலிருந்து பினாங்கு வரை: ஒரு மரைக்காயர் குடும்பம் விட்டுச் சென்றவை

கல்வராயன் மலையில் பெய்யும் மழை எங்கே போய்ச் சேருகிறது என்று கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால், "கோமுகி அணைக்கு" என்றும் "மணிமுத்தா அணைக்கு" என்றும் உடனே விடை சொல்வார்கள். அது பாதி விடைதான். அம்மலையில் தோன்றும் மணிமுத்தா ஆறு விருத்தாசலம் வழியாக ஓடி வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே மலைச்சரிவில் விழுந்த மழைத்துளி, பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தைக் குறுக்கே கடந்து, அம்மாவட்டத்தின் பழந்துறைமுகத்தில் வங்கக் கடலைக் காண்கிறது. 1993இல் அந்தப் பெரிய மாவட்டம் பிரிந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினாலும் ஆற்றின் வழி மாறவில்லை.

அந்த ஆறு கடலைச் சேரும் ஊரிலிருந்து மேலும் கிழக்கே சென்ற ஒரு குடும்பத்தைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகிறோம். உள்நாட்டில் வாழும் நம் இல்லங்களில் மரைக்காயர்களின் கடல் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் கடை வைத்திருக்கும் நம்மவர்க்கு நெல்லும் மஞ்சளும் துணியும்தான் அன்றாடப் பேச்சு. ஆயினும் இக்குடும்பத்தின் கதை, பள்ளிவாசலுக்கு ஒரு துண்டு நிலம் எழுதி வைத்துள்ள ஒவ்வொரு குடும்பமும் அறிந்து கொள்ள வேண்டிய கதையாகும்.

பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்ற பெயரும் உண்டு. போர்த்துக்கீசியர் இதனைப் புதுத்துறை என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்றழைத்தனர். உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணி இங்கிருந்து கப்பலேறிக் கடாரம், அச்சே, மலாக்கா ஆகிய துறைகளுக்குச் சென்றது. திரும்பும் கப்பல்களில் மிளகும் பாக்கும் ஈயமும் வந்தன. கப்பலின் தலைவரை நாகுதா என்பர். பருவக் காற்றை நம்பிச் சென்று, அடுத்த பருவக் காற்றை நம்பித் திரும்புவது அவர்களது வாழ்க்கை. 1781ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஹைதர் அலியின் படைக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படைக்கும் இவ்வூரருகே பெரும்போர் நடந்தது. போரும் பஞ்சமும் சூழ்ந்த அக்காலத்தில், கிழக்குக் கரையில் புதிதாக ஒரு துறை திறக்கிறது என்ற செய்தி வந்தபோது, நாகுதாக்கள் பலரது கண்களும் அங்கே திரும்பியதில் வியப்பில்லை.

அப்புதிய துறைதான் பினாங்கு. 1786இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அத்தீவைக் கைக்கொண்டார். அவர் குடியேற்றத்தைத் தொடங்கிய எட்டே ஆண்டுகளில், 1794இல், அங்கு வாழ்ந்த மக்களைப் பற்றிக் கம்பெனிக்கு எழுதிய விவரத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களைத் தனிப் பிரிவாகக் குறிப்பிடுகிறார். ஏறக்குறைய 1,000 பேர் அங்கேயே குடியமர்ந்திருந்தனராம். அவர்களில் பலர் முன்னரே கடாரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். இவர்களைத் தவிர, ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வியாபாரமோ கூலி வேலையோ செய்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் ஊர் திரும்புவார்களாம். ஒருவர் போனால் அவரிடத்துக்கு இன்னொருவர் வருவார். வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியுள்ள தாய்மார்களுக்கு இவ்வரிகளுக்கு விளக்கம் தேவையில்லை.

அவ்வாறு சென்றோருள் தலைமை பெற்றவர் காதிர் முகைதீன் மரைக்காயர். பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த நாகுதா. அந்நாட்டுப் பேச்சில் மரைக்காயர் என்ற சொல் 'மெரிக்கன்' என்று மருவியது. இன்றும் மலேசியாவில் பெயரின் முடிவில் மெரிக்கன் என்று வைத்துக் கொள்ளும் குடும்பங்கள் பல. அமெரிக்காவுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை!

ஒழுங்கான நீதிமன்றம் பினாங்கில் 1808இல்தான் ஏற்பட்டது. அதற்கு முன் ஒவ்வோர் இனத்தாருக்கும் ஒரு தலைவரை நியமித்து, அவர் மூலமாகவே வழக்குகளையும் ஒழுங்கையும் கவனிப்பது கம்பெனியாரின் வழக்கம். அத்தலைவருக்குக் 'கப்பித்தான்' என்று பெயர். சீனர்களுக்கு ஒரு கப்பித்தான் இருந்தார். தென்னிந்தியருக்கு 1801இல் காதிர் முகைதீன் 'கப்பித்தான் கெலிங்' ஆனார். கெலிங் என்பது கலிங்கத்திலிருந்து வந்த சொல். பழங்காலத்தில் நம்மவரைக் குறித்த சாதாரணப் பெயராக இருந்த அது, இன்று மலாய் நாட்டில் வாழும் இந்தியர் மனத்தைப் புண்படுத்தும் சொல்லாகி விட்டது. எனினும் பள்ளிவாசலின் பெயரிலும் தெருவின் பெயரிலும் அது நிலைத்து நிற்கிறது.

அதே 1801இல் தீவின் ஆளுநராயிருந்த ஜார்ஜ் லீத், முஸ்லிம்களின் வணக்கத் தலத்துக்காக ஜார்ஜ் டவுன் நகரின் நடுவே 18 ஏக்கர் நிலம் வழங்கினார். காதிர் முகைதீன் அதன் பொறுப்பை ஏற்றுப் பள்ளிவாசலை எழுப்பினார். இன்று மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று உலகம் அறிந்த பள்ளி அதுவே. பக்கத்திலேயே சூலியாத் தெரு. அதற்கு முந்தைய பெயர் மலபார் தெரு. அத்தெருவில் நாகூர் ஆண்டகையின் நினைவாக ஒரு தர்காவும் எழுந்தது. பள்ளியைச் சுற்றிப் பணமாற்றுவோர், புத்தகக் கடையினர், நகைத் தொழிலாளர், படகுக்காரர் எனத் தமிழ் முஸ்லிம்களின் ஒரு சிற்றூரே அமைந்தது.

18 ஏக்கர் என்பது சாதாரண அளவன்று. தொழுகைக்குக் கட்டடம் எழுப்ப ஓர் ஏக்கர் போதும். மற்ற நிலமெல்லாம் அடக்கத்தலம், குடியிருப்பு, வாடகை வருமானம் ஆகியவற்றுக்காக. பள்ளிவாசல் தன் காலில் நிற்க வேண்டும், எண்ணெய்க்கும் பாய்க்கும் எவர் வீட்டு வாசலிலும் நிற்கக் கூடாது என்ற எண்ணம் இதில் தெரிகிறது. அந்த முன்யோசனைதான் பின்னால் வந்த சோதனைக்கும் இடம் கொடுத்தது.

காதிர் முகைதீன் 1834இல் காலமானார். அவர் அடக்கத்தலம் பள்ளிக்கு அருகே கம்போங் கோலம் தெருவில் இருக்கிறது. அவர் மகன் முகமது நூர்தீன் தந்தையை விடவும் பெரிய வணிகரானார். அச்சே மிளகு வியாபாரத்திலும் கப்பல் தொழிலிலும் செல்வம் சேர்த்து, நகரின் முன்னணிச் செல்வர் வரிசையில் இடம் பெற்றார். ஜார்ஜ் டவுனில் நூர்தீன் தெரு என்று ஒரு தெரு இன்றும் உண்டு. சூலியாத் தெருவில் அவர் குடும்பத்தாரின் அடக்கத்தலக் கட்டடமும் நிற்கிறது. தந்தை சமூகத்தின் தலைவராக அரசால் நியமிக்கப் பெற்றவர். மகனுக்கு அப்பதவி தேவைப்படவில்லை. செல்வமே அவருக்குப் பதவியாயிற்று.

உலகெங்கும் கடல் கடந்த வணிகக் குடும்பங்களின் வரலாறு இவ்வாறே நடந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லெபனான் மலைப் பகுதிகளிலிருந்து பிரேசிலுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போனவர்களில் பலர் முதலில் துணி மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார்கள். பிறகு கடை, அதன் பின் ஆலை. அதற்கும் பின்னர் பொதுப்பணி. சாவோ பாவ்லோ நகரில் இன்று புகழ் பெற்றுள்ள சிரிய-லெபனான் மருத்துவமனை, அவ்வாறு குடியேறிய குடும்பங்களின் பெண்கள் 1921இல் தொடங்கிய ஒரு சங்கத்திலிருந்து பிறந்தது. வந்தவர் உழைத்தார், மகன் பெருக்கினார், பேரன் ஊருக்கு ஏதேனும் செய்தார். எந்தத் துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தாலும் இம்முறைதான்.

ஆனால் முஸ்லிம் வணிகர் ஒருவர் ஊருக்கு ஏதேனும் செய்ய முனையும்போது, மார்க்கம் இரண்டு எல்லைக் கற்களை முன்பே நட்டு வைத்திருக்கிறது. இவ்விரண்டையும் அறியாமல் நூர்தீன் குடும்பத்தின் கதையைப் புரிந்து கொள்ள முடியாது.

முதலாவது, ஹஜ்ரத் ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. மக்காவில் அவர்கள் நோயுற்றுக் கிடந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பார்க்க வந்தார்கள். தம் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கை அறத்துக்குக் கொடுத்து விடட்டுமா என்று ஸஅது கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள் நாயகம். பாதி? அதுவும் வேண்டாம். மூன்றில் ஒன்று? சரி, அதுவே அதிகம்தான் என்றார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வதை விட அவர்களைத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது நல்லது என்றும் விளக்கினார்கள். இறந்தபின் நடக்க வேண்டிய உயிலுக்கு மூன்றில் ஒரு பங்குதான் எல்லை என்று மார்க்க அறிஞர்கள் வகுத்தது இந்த அடிப்படையில்.

இரண்டாவது, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் நிலம். கைபரில் தமக்குக் கிடைத்த மதிப்பு மிக்க நிலத்தை என்ன செய்வது என்று அவர்கள் நாயகத்திடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை நிறுத்தி வைத்து, விளைச்சலை அறம் செய்யும்படி நாயகம் வழி காட்டினார்கள். அந்த நிலத்தை விற்க முடியாது, அன்பளிப்பாக வழங்க முடியாது, வாரிசுரிமையாகப் பங்கிட முடியாது. அதைப் பராமரிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், ஆனால் அதைக் கொண்டு செல்வம் சேர்க்கக் கூடாது. வக்ஃபு என்னும் ஏற்பாட்டின் வேரே இதுதான். கடைசி நிபந்தனையை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம்.

நூர்தீன் ஓர் உயில் எழுதினார். அதில் தம் சொத்தின் வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் கந்தூரி கொடுப்பது போன்ற காரியங்களுக்கும் ஏற்பாடு செய்தார். நம் இல்லங்களில் ஒரு பெரியவரின் நினைவு நாளன்று குர்ஆன் ஓதி, ஏழை எளியவர்க்கும் உறவினர்க்கும் உணவளிக்கும் வழக்கம்தான் அது. அவர் காலமான பின் குடும்பத்துக்குள் வழக்கு மூண்டது. 1871இல் பினாங்கு நீதிமன்றத்தில் ஃபாத்திமா முதலானோர் ஒரு பக்கமாகவும், லோகன் முதலானோர் மறுபக்கமாகவும் நின்றனர். நீதிபதி ஹாக்கெட்.

வழக்கின் முதற்கேள்வி இது: ஒரு முஸ்லிம் தம் சொத்து முழுவதையும் உயில் மூலம் தம் விருப்பப்படி எழுதி விடலாமா? மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்பது மார்க்கச் சட்டம். ஆனால் பினாங்கின் பொதுச் சட்டம் ஆங்கிலச் சட்டமே, எனவே உயில் அதன்படியே அளக்கப்படும், முழுச் சொத்தையும் எழுதலாம் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். ஸஅது (ரலி) அவர்களுக்குக் கிடைத்த அறிவுரை அந்த நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

இரண்டாவது கேள்வி கந்தூரியைப் பற்றியது. இங்கே ஆங்கிலச் சட்டத்தின் இன்னொரு விதி குறுக்கிட்டது. பொது அறம் அல்லாத ஒரு காரியத்துக்காகச் சொத்தை என்றென்றைக்குமாகக் கட்டி வைக்கக் கூடாது என்பது அவ்விதி. கந்தூரி இறந்தவருக்காகச் செய்யும் சடங்கே ஒழியப் பொது அறம் ஆகாது என்று கொண்டு, அந்த ஏற்பாடு செல்லாது என்றது நீதிமன்றம். ஏழைகளும் வந்து உண்கிறார்களே என்று நாம் கேட்கலாம். ஆங்கிலேயரின் அறம் என்ற சொல்லுக்கு அவர்கள் நாட்டு வழக்குப் புத்தகங்களில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் கந்தூரிச் சோறு இல்லை. இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1869இல் சிங்கப்பூர் நீதிமன்றம் சீனர்களின் மூதாதையர் வழிபாட்டு ஏற்பாட்டையும் இதே காரணத்தால் தள்ளியது.

ஆக, உயில் எழுதிய தந்தை பாதி வென்றார், பாதி தோற்றார். மார்க்கச் சட்டத்தை எடுத்துக் காட்டியவர்களுக்கோ அச்சட்டம் துணை வரவில்லை. குடும்பத்துக்குள், ஆலிம்களை வைத்துக் கொண்டு தீர்த்திருக்க வேண்டிய விஷயம், அம்மார்க்கத்தை அறியாத சட்டத்தின் முன் போய் நின்றது. நம் மதிப்பீட்டில், அந்தச் செல்வக் குடும்பத்துக்கு ஏற்பட்ட இழப்புகளில் இதுவே பெரிது.

இந்தத் தீர்ப்பின் நிழல் நம் நாட்டிலும் விழுந்தது. 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில், வங்காளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தார் அனுபவித்து, அவர்கள் வழி அற்ற பிறகே ஏழைகளுக்குப் போகும்படி எழுதப்பட்ட வக்ஃபு செல்லாது என்று தீர்த்தது. இந்திய முஸ்லிம்களிடையே இது பெருங்கலக்கத்தை உண்டாக்கிற்று. இளம் வழக்கறிஞராயிருந்த முகமது அலி ஜின்னா மைய சட்டசபையில் கொண்டு வந்த மசோதா 1913இல் வக்ஃபு செல்லுபடிச் சட்டமாகி, அத்தகைய குடும்ப வக்ஃபுகளுக்கு மீண்டும் உயிர் தந்தது. பிறகு 1954ஆம் ஆண்டுச் சட்டம், அதற்குப் பதிலாக 1995ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கு 2025இல் திருத்தம் என்று நம் நாட்டில் இப்பேச்சு ஓயாமல் தொடர்கிறது.

பினாங்கிலோ குடும்பச் சொத்தை விடப் பள்ளிவாசல் சொத்தின் கதை மனத்தை உறுத்துவதாயிருந்தது. அந்த 18 ஏக்கர் நிலத்தில் ஆண்டுகள் செல்லச் செல்லக் குடிசைகளும் வீடுகளும் கடைகளும் நெருங்கின. நகரம் வளர்ந்தது, நிலத்தின் மதிப்பும் உயர்ந்தது. வருமானம் என்ன ஆயிற்று, கணக்கு எங்கே என்று ஜமாஅத்தார் கேட்கத் தொடங்கினர். நிர்வாகத்தைக் குறித்து அரசிடம் முறையீடுகள் சென்றன. இறுதியில் 1905இல் அரசு ஒரு சட்டம் இயற்றி, முகமதிய-இந்து அறநிலைய வாரியம் ஒன்றை ஏற்படுத்தியது. பள்ளிவாசல் நிலம் அதன் கைக்குச் சென்றது. நூறாண்டுகளுக்கு மேலாகச் சமூகத்தின் கையில் இருந்த பொறுப்பு, ஒரு வெள்ளை அரசின் அலுவலகத்துக்குப் போயிற்று.

வாரியம் வந்தது நல்லதா கெட்டதா என்று ஒரு சொல்லில் சொல்லி விட முடியாது. நெருக்கிக் கிடந்த குடிசைகள் அகற்றப்பட்டுத் தெருக்கள் திறக்கப்பட்டன. அங்கே தலைமுறைகளாய் வாழ்ந்த எளியவர் பலர் இடம் பெயர நேர்ந்தது. மறுபுறம், ஒழுங்காக வந்த வருமானத்தில்தான் பழைய எளிய பள்ளி, 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹென்றி ஆல்பிரட் நியூப்ரானர் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடத்தில், குவிமாடங்களும் மினாராவும் கொண்ட இன்றைய எழிலான உருவத்தைப் பெற்றது. 1930களில் அது மேலும் விரிவாக்கப்பட்டது. கணக்குப் புத்தகம் திறந்திருந்தால் பள்ளி உயர்கிறது, மூடியிருந்தால் அரசு கதவைத் தட்டுகிறது. உமர் (ரலி) அவர்களின் நிபந்தனையை அந்நாளைய பொறுப்பாளர்கள் எல்லாரும் காத்திருந்தால் வாரியத்துக்கு வேலை இருந்திருக்குமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது.

பின்வந்த தலைமுறைகள் என்ன ஆயின? மலாய்த் தாய்மாரை மணந்த தமிழ் முஸ்லிம்களின் வழித்தோன்றல்களை ஜாவிப் பெரானக்கான் என்று அந்நாட்டில் அழைத்தனர். தமிழும் மலாயும் ஆங்கிலமும் அறிந்த இவர்கள் அரசு அலுவல்களில் எழுத்தர்களாகவும் மொழிபெயர்ப்பாளர்களாகவும் விளங்கினர். 1876இல் சிங்கப்பூரில் தோன்றிய முதல் மலாய்ச் செய்தித்தாள் இவர்களுடையதே. அதன் பெயரும் ஜாவிப் பெரானக்கானே. 1887இல் அதே சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்ற தமிழ் இதழையும் நடத்தினார். ஒரே சமூகம் இரு மொழிகளில் பேசிய காலம் அது. மெல்ல மெல்ல மலாய் மேலோங்கியது. மெரிக்கன் என்ற பெயர் தாங்கிய குடும்பங்கள் பலவற்றில் இன்று தமிழ் பேசுவோர் குறைவு. பாட்டனார் எழுதிய கடிதத்தைப் பேரர்கள் படிக்க இயலாது. இதை அறியும்போது நமக்கு ஒரு வருத்தம் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் அந்நாட்டுக்கு அந்நியரல்லர், அந்நாட்டின் மக்களே ஆகி விட்டனர் என்பதில் வருந்த என்ன இருக்கிறது? வந்தவர் எதற்காக வந்தாரோ அது நிறைவேறி விட்டது.

மிளகுக் கப்பல்கள் இன்றில்லை. பள்ளியின் முன்புள்ள தெரு, முன்பு பிட் தெரு என்று ஓர் ஆங்கிலப் பிரதமரின் பெயரில் இருந்தது. இன்று அது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். அத்தெருவில் சிறிது தூரத்துக்குள்ளேயே தேவாலயமும் சீனக் கோவிலும் மாரியம்மன் கோவிலின் சுற்றுப்புறமும் பள்ளிவாசலும் அருகருகே அமைந்துள்ளன. 2008இல் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து, உலகப் பாரம்பரிய நகராக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. பினாங்குக்குச் செல்லும் நம்மவர்கள் ஜும்ஆவை அங்கே தொழுது விட்டு, கம்போங் கோலத்தில் காதிர் முகைதீன் மரைக்காயரின் அடக்கத்தலத்தையும் பார்த்து வருவது எளிது.

நூர்தீனின் உயிலைப் பற்றிய தீர்ப்பை மலேசிய, சிங்கப்பூர்ச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். செல்வத்தைச் சேர்த்த தந்தையின் பெயராலோ, பள்ளியை எழுப்பிய பாட்டனார் பெயராலோ அவ்வழக்கு வழங்கவில்லை. தம் பங்கைக் கேட்டு நீதிமன்றப் படியேறிய ஃபாத்திமாவின் பெயராலேயே அது வழங்குகிறது.